ரேச்சல் கார்சன் பார்க்காத முட்டை ஓடு

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படித்தபோது எழுதிய ஓர் இடுபணி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. சுற்றுச்சூழல் அறிவியல் பாடத்துக்காக எழுதியது. அதில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சுற்றி விரிவுரையாளர் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். டிடிடி பூச்சிக்கொல்லியால் பறவைகளின் முட்டை ஓடுகள் மெலிந்து உடைவதை ரேச்சல் கார்சன் கண்டுபிடித்து, 1962இல் வெளிவந்த ‘மௌன வசந்தம்’ என்ற நூலில் உலகுக்கு அறிவித்தார் என்பதுதான் நான் எழுதிய வாக்கியம். எந்தப் பக்கத்தில் என்று மட்டும் அவர் ஓரத்தில் கேட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. இடைநிலைப்பள்ளியிலேயே கேள்விப்பட்ட செய்தி. இதற்குப் பக்க எண் வேறா என்று முணுமுணுத்துக்கொண்டே நூலகத்துக்குப் போனேன். புத்தகத்தை இரவல் எடுத்து வந்து, அந்த ஒரு பக்கத்தைத் தேடுவதற்காக முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். பறவைகள் இருந்தன. முட்டைகளும் நிறையவே இருந்தன. பொரியாத முட்டைகள், குஞ்சு உள்ளேயே இறந்துபோன முட்டைகள், தாய்ப்பறவை நாள்கணக்கில் வீணாக அடைகாத்த முட்டைகள். மெலிந்த ஓடு மட்டும் எங்கும் இல்லை. அது அவருடைய கண்டுபிடிப்பே அல்ல. அது தெரியவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

மதிப்பெண் குறைந்தது குறைந்ததுதான். ஆனால் அந்தத் தேடலால் ரேச்சல் கார்சன் என்ற மனிதரை எனக்குத் தெரிய வந்தது. முழு ஆதாரமும் கைக்கு வரும் முன்பே பேச வேண்டிய கட்டாயத்தில் நின்றவர் அவர். அப்படி நின்றும், தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லாதவர். நான் செய்ததை அவர் செய்யவில்லை.

ரேச்சல் லூயிஸ் கார்சன் 1907ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தார். பிட்ஸ்பர்க் என்ற எஃகுத் தொழில் நகரத்துக்குப் பக்கத்தில், அலெகெனி ஆற்றங்கரையில் இருந்த ஊர் அது. குடும்பத்துக்கு 65 ஏக்கர் நிலம் இருந்தது. கையில் பணம் இல்லை. அம்மா மரியா முன்பு ஆசிரியராக இருந்தவர். கடைக்குட்டியான ரேச்சலை அழைத்துக்கொண்டு தோட்டத்திலும் காட்டிலும் சுற்றி, பறவைகளையும் பூச்சிகளையும் காட்டியவர் அவர்தான். பதினொரு வயதில் ரேச்சலின் கதை ஒன்று சிறுவர் இதழில் அச்சேறியது. எழுத்தாளராவது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கத்தான் சேர்ந்தார். மகளின் கட்டணத்துக்காக அம்மா பியானோ சொல்லிக்கொடுத்தார், வீட்டிலிருந்த பீங்கான் பாத்திரங்களை விற்றார். நடுவில் மேரி ஸ்கிங்கர் என்ற ஆசிரியரின் உயிரியல் வகுப்பில் உட்கார்ந்த ரேச்சல், துறையையே மாற்றிக்கொண்டார். பாதியில் துறை மாறினால் வாழ்க்கையே போய்விடும் என்று நம் வீடுகளில் பயப்படுகிறோமே, அதே பயம் அங்கும் இருந்தது. அந்தக் காலத்தில் அறிவியல் படித்த பெண்ணுக்கு வேலை எங்கே என்று சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். 1929இல் பட்டம் பெற்றார். அந்தக் கோடையில் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குச் சென்றார். அதுவரை அவர் கடலைப் பற்றிப் படித்திருந்தார், எழுதியும் இருந்தார். கண்ணால் கண்டது அங்கேதான்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1932இல் விலங்கியல் முதுகலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்டத்துக்குத் தொடங்கிய படிப்பைப் பணமின்மையால் விட வேண்டியதாயிற்று. 1935இல் அப்பா இறந்தார். இரண்டே ஆண்டுகளில் அக்காவும் இறந்து, அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் ரேச்சலிடமும் அம்மாவிடமும் வந்து சேர்ந்தது. இதற்கிடையில் அரசாங்க மீன்வளத் துறை வானொலி நிகழ்ச்சிக்கு எழுதித் தர ஆள் தேடியது. அந்த வேலை கிடைத்தது. பிறகு தேர்வெழுதி, 1936இல் அதே துறையில் இளநிலை நீர்வாழ் உயிரியலாளர் ஆனார். மற்றவர்களின் ஆய்வறிக்கைகளைப் படித்து, திருத்தி, பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதுவது அவருடைய பணியாக இருந்தது. கேட்பதற்குச் சாதாரண வேலை. ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்தவருக்கு, எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்ற மூக்கு வளர்ந்துவிடும்.

கடல் பற்றிய அவருடைய முதல் நூல் 1941இல் வந்தது. சில வாரங்களில் பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து, அமெரிக்கா போரில் இறங்க, புத்தகத்தை யாரும் சீந்தவில்லை. பத்தாண்டு கழித்து 1951இல் வந்த ‘நம்மைச் சூழ்ந்த கடல்’ என்ற பொருள் தரும் நூல் அந்த நட்டத்தையெல்லாம் ஈடுகட்டியது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் 86 வாரங்கள் நின்றது. தேசிய நூல் விருதும் பெற்றது. அரசாங்க வேலையை விட்டு, மேய்ன் மாநிலக் கடற்கரையில் சிறு வீடு ஒன்று கட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். அத்தோடு நின்றிருந்தால் கடலைப் பற்றி அழகாக எழுதிய பெண்மணி என்ற பெயரோடு நிம்மதியாகப் போயிருப்பார்.

டிடிடி அவருக்குப் புதிய செய்தி அல்ல. அதன் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த சுவிட்சர்லாந்து வேதியியலாளர் பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. போர்க்காலத்தில் டைபஸ் காய்ச்சலையும் மலேரியாவையும் கட்டுப்படுத்தி எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து அது; இதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது. ஆனால் மேரிலாந்தில் இருந்த பட்டக்சென்ட் அரசாங்க ஆய்வு நிலையத்தில் அது மற்ற உயிர்களை என்ன செய்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறிக்கைகள் ரேச்சலின் மேசைக்கு வந்தன. 1945லேயே அதைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று ஒரு பெரிய மாத இதழிடம் கேட்டார். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பதின்மூன்று ஆண்டுகள் கடந்தன. 1958 சனவரியில் மாசசூசெட்ஸில் இருந்த தோழி ஓல்கா ஹக்கின்ஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கொசு ஒழிப்புக்காக விமானத்திலிருந்து தெளித்த மருந்தால், தாம் வைத்திருந்த பறவைக் காப்பிடத்தில் பறவைகள் செத்து விழுந்ததைச் சொல்லி, வாஷிங்டனில் யாரிடம் முறையிடலாம் என்று கேட்டிருந்தார். யாரிடம் என்று விசாரிக்கத் தொடங்கிய ரேச்சல், கடைசியில் தாமே எழுதுவது என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது. முதிர்ந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்திய ஆண்டுதான் அக்கா மகள் இறந்து, அவள் விட்டுப்போன ஐந்து வயதுச் சிறுவன் ரோஜரைத் தத்தெடுத்திருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அம்மாவும் போய்விட்டார்.

அவர் சேர்த்த ஆதாரங்களில் பெரும்பகுதி, பெயர் தெரியாத பொறுமைசாலிகளின் குறிப்பேடுகளில் இருந்து வந்தவை. சார்லஸ் புரோலி என்று ஒருவர். கனடாவின் வின்னிபெக் நகரில் வங்கியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுதுபோக்காக ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் உயரமான மரங்களில் ஏறி, வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் மாட்டினார். 1939 முதல் 1949 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள்! 1947க்குப் பிறகு குஞ்சுகள் குறையத் தொடங்கின. 1957இல் அவர் பார்த்த 43 கூடுகளில் ஏழில் மட்டுமே குஞ்சுகள். 23 கூடுகளில் முட்டை இருந்தும் பொரியவில்லை. அதற்கடுத்த ஆண்டு, ஒரே ஒரு குஞ்சுக்கு வளையம் மாட்ட நூறு மைலுக்கும் மேல் கடற்கரை நெடுகத் தேட வேண்டியிருந்தது.

பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டன் மலைமுகட்டில் மாரிஸ் புரூன் என்பவர் ஆண்டுதோறும் வலசை போகும் கழுகுகளை எண்ணினார். 1930களின் பிற்பகுதியில் பத்துக்கு நான்கு இளம் கழுகுகளாக இருந்தன. 1950களின் பிற்பகுதியில் அது பத்துக்கு இரண்டாகியது. கிழக் கழுகுகள் பறந்துகொண்டிருந்தன, அவற்றுக்குப் பின்னே வர வேண்டிய தலைமுறைதான் வரவில்லை. மிச்சிகனில் ஜார்ஜ் வாலஸ் என்ற பேராசிரியர், எல்ம் மரங்களுக்கு டிடிடி தெளித்த பல்கலைக்கழக வளாகத்தில் ராபின் பறவைகள் அழிவதைக் கவனித்தார். பதின்மூன்று நாளில் பொரிய வேண்டிய முட்டையின் மேல் ஒரு ராபின் இருபத்தொரு நாள் உட்கார்ந்திருந்தது. பட்டக்சென்டில் ஜேம்ஸ் டெவிட், டிடிடி கலந்த தீனியைக் காடைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். காடைகள் நலமாகத்தான் இருந்தன, வழக்கம்போல முட்டையும் இட்டன. பொரித்தவைதான் சில. பொரித்த குஞ்சுகளிலும் பாதிக்கு மேல் ஐந்து நாளுக்குள் இறந்தன.

இவர்கள் நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து பேசியவர்கள் அல்லர். மரம் ஏறியவருக்குக் காடைகளைப் பற்றித் தெரியாது. மலை மேல் நின்றவருக்கு ராபின் கவலை இல்லை. நான்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் ரேச்சல். நஞ்சு தாயைக் கொல்லாமல் விட்டாலும் முட்டைக்குள் போய்ச் சேருகிறது என்பதை அந்த மேசையில் இருந்தபடியே அவர் கண்டார். எந்த வழியில் அது முட்டையைக் கெடுக்கிறது என்பதற்கு அப்போது முழு விடை இல்லை. நானாக இருந்திருந்தால் ஊகம் ஒன்றை எழுதி இடைவெளியை நிரப்பியிருப்பேன். அவர் தெரிந்தவரை எழுதி, அங்கே நிறுத்திக்கொண்டார்.

‘மௌன வசந்தம்’ நூலில் என்னை உலுக்கிய பகுதி இவை எதுவும் அல்ல. கலிபோர்னியாவில் உள்ள கிளியர் லேக் என்ற நன்னீர் ஏரியைப் பற்றிய சில பக்கங்கள். அங்கே மீன்பிடிக்க வருபவர்களுக்கு ஒரு சிறு பூச்சியால் தொல்லை. கடிக்காத பூச்சிதான், கூட்டம் கூட்டமாக வந்து மொய்க்கும். டிடிடியின் நெருங்கிய உறவான டிடிடி அல்ல, டிடிடி என்று ஒலிப்பதிலேயே குழப்பம் வரும் இன்னொரு மருந்து, டைகுளோரோ வகையைச் சேர்ந்த அதன் தம்பி என்று வைத்துக்கொள்வோம். அதை 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் ஏரியில் கலந்தார்கள். முதல் தடவை ஏழு கோடி பங்கு நீருக்கு ஒரு பங்கு. அடுத்த தடவைகளில் ஐந்து கோடிக்கு ஒரு பங்கு. இதைவிடக் கவனமாக யாரும் அளந்து ஊற்றியிருக்க முடியாது.

முதல் தெளிப்புக்கு முன் அந்த ஏரியில் முக்குளிப்பான் பறவைகள் ஆயிரம் இணைகள் கூடு கட்டின. 1954இல் அவை சாகத் தொடங்கின. 1960இல் மிஞ்சியவை ஏறக்குறைய முப்பது இணைகள். அவையும் கூடு கட்டின. குஞ்சுகளைத்தான் யாரும் காணவில்லை. ஏரி நீரைச் சோதித்தார்கள். கடைசித் தெளிப்புக்குச் சிறிது காலத்திலேயே நீரில் மருந்தின் சுவடே இல்லை. நீரை மட்டும் பார்த்தவர் ஏரி சுத்தம் என்று சான்றிதழ் கொடுத்திருப்பார். மருந்து எங்கும் போகவில்லை, உயிர்களுக்குள் ஏறியிருந்தது. நீரில் மில்லியனில் ஐம்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களில் மில்லியனில் ஐந்து பங்கு. தாவரம் தின்னும் மீன்களில் 40 முதல் 300. மீன் தின்னும் முக்குளிப்பானின் கொழுப்பில் 1,600. நீரில் இருந்ததைப் போல எண்பதாயிரம் மடங்கு. எஸ்.டி.பி.எம். உயிரியலில் உணவுச் சங்கிலி வரைபவர்கள், அம்புக்குறிக்குப் பக்கத்தில் இந்த எண்களை எழுதிப் பாருங்கள்.

இந்தப் பக்கங்களை எழுதிய காலத்தில் அவருடைய உடம்புக்குள்ளும் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. 1960 ஏப்ரலில் மார்பக அறுவை சிகிச்சை நடந்தது. புற்றுநோய்தானா என்று கேட்டவருக்கு மருத்துவர் உண்மையைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பெண் நோயாளிகளுக்கு நேர்ந்தது அதுதான். ஆண்டு இறுதியில் வேறொரு மருத்துவரிடம் போனபோதுதான் பரவிவிட்டது தெரிந்தது. கதிர்வீச்சு சிகிச்சை, மூட்டு வலி, கண் அழற்சியால் வாரக்கணக்கில் படிக்க முடியாத நிலை. இவ்வளவுக்கும் நடுவில் எழுதி முடித்தார். நோயை வெளியே சொல்லவில்லை. புற்றுநோய் வந்த ஆத்திரத்தில் இரசாயனத் தொழிலைத் தாக்குகிறார் என்று எதிரிகள் திருப்பிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

1962 சூனில் நியூயார்க்கர் இதழில் தொடராக வந்தது, செப்டம்பர் 27இல் நூலானது. தாக்குதல் உடனே தொடங்கியது. ஓர் இரசாயன நிறுவனம் பதிப்பகத்தை வழக்கு என்று மிரட்டியது. முனைவர் பட்டம் இல்லாதவர் என்றார்கள். திருமணமாகாத பெண்ணுக்கு வருங்காலத் தலைமுறையைப் பற்றி என்ன கவலை என்றார்கள். நூலின் கடைசியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் அவர் அடுக்கியிருந்த ஆதாரப் பட்டியலைத் தொட்டுப் பேசியவர்கள் குறைவு. பூச்சிக்கொல்லியே கூடாது என்று அவர் எங்கும் எழுதவில்லை. கண்மூடித்தனமாகத் தெளிப்பதைத்தான் எதிர்த்தார். அளவின்றித் தெளித்தால் பூச்சிகளே மருந்துக்குப் பழகிவிடும் என்றும் எச்சரித்தார். இன்றைக்கும் இணையத்தில் அவரை மலேரியாச் சாவுகளுக்குப் பொறுப்பாக்குபவர்கள் உண்டு. அவர்கள் நூலைத் திறக்கவில்லை என்றே நினைக்கிறேன். நானும் ஒரு காலத்தில் திறக்காமல் எழுதியவன் என்பதால் அதற்கு மேல் திட்ட எனக்கு உரிமை இல்லை.

அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு 1963 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலும் அவர் பக்கம் நின்றது. சூன் மாதம் செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். பார்த்தவர்களுக்கு அமைதியான, நேர்த்தியாக உடுத்திய ஒரு பெண்மணி. சிகிச்சையில் முடி கொட்டியதால் தலையில் பொய்முடி வைத்திருந்தது பலருக்குத் தெரியாது. அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் கைத்தடி ஊன்றி நின்று பேசினார். அங்கே பக்கத்தில் இருந்த மியூர் வனத்தின் பெருமரங்களைச் சக்கர நாற்காலியில் இருந்தபடி பார்த்தார். 1964 ஏப்ரல் 14ஆம் தேதி, மேரிலாந்தில் தம் வீட்டில் இறந்தார். வயது 56. ரோஜருக்கு அப்போது பன்னிரண்டு வயதுதான்.

நான் தேடிய பக்கம் அதற்குப் பிறகுதான் எழுதப்பட்டது. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர், பெரிக்ரின் வல்லூறுகளின் கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடப்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தார். அந்நாட்டில் பறவை முட்டைகளைத் துளையிட்டு ஊதிக் காலி செய்து, பெட்டியில் அடுக்கி வைப்பது ஒரு பழைய பொழுதுபோக்கு. நல்ல பழக்கம் அல்ல. பின்னாளில் சட்டமே தடுத்தது. ஆனால் அந்தப் பெட்டிகளில் ஒவ்வொரு முட்டைக்கும் தேதியும் இடமும் எழுதியிருந்தது. ராட்கிளிஃப் அவற்றை நிறுத்து, நீள அகலம் அளந்தார். ஏறக்குறைய 1947 முதல் ஓடுகளின் எடை சட்டென்று இறங்கியிருந்தது, டிடிடி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த அதே சமயத்தில். 1967இல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஜோசப் ஹிக்கியும் டேனியல் ஆண்டர்சனும் அங்குள்ள பறவைகளிலும் அதையே காட்டினார்கள். ஹெர்ரிங் கடற்காகத்தின் முட்டைகளில் டிடிஇ கூடக்கூட ஓடு மெலிவதையும் காட்டினார்கள். டிடிடி உடலுக்குள் சிதைந்து உண்டாகும் டிடிஇ, ஓடு உருவாகும் இடத்தில் சுண்ணாம்புச் சத்து சேர்வதைத் தடுக்கிறது. அடைகாக்கும் தாயின் எடையை அந்த ஓடு தாங்காது. அமெரிக்கா 1972இல் டிடிடியின் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்தது.

அந்தக் கடற்காகம் பிறகு ஒரு வேலையில் அமர்ந்தது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையில் உள்ள ஐந்து பேரேரிகளும் நன்னீர் ஏரிகள். கடற்காகம் என்ற பெயரைப் பார்த்துக் கடலில் மட்டும் வாழ்வது என்று நினைக்க வேண்டாம்; ஹெர்ரிங் கடற்காகம் அந்த ஏரித் தீவுகளில் கூட்டமாகக் கூடு கட்டும். வளர்ந்த பறவைகள் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் அந்த ஏரிகளின் பக்கமே இருக்கும், மீன் தின்னும். அதனால் முட்டையில் இருக்கும் நஞ்சு அந்த வட்டாரத்து நஞ்சு. 1970களின் தொடக்கத்தில் ஒன்டாரியோ ஏரியில் இந்தப் பறவைகளின் முட்டைகள் பொரியாமல் போயின. 1974 முதல் கனடா வனவிலங்குப் பணித்துறை ஆண்டுதோறும் பேரேரிகளில் உள்ள கடற்காகக் குடியிருப்புகளில் முட்டை சேகரித்துச் சோதித்து வருகிறது. ஒரு கூட்டிலிருந்து ஒரு முட்டை. ஓரிடத்தில் பத்துப் பன்னிரண்டு போதும்.

சோதிக்கப்படும் பொருள்களில் பாதரசமும் ஒன்று. இதற்கும் ஒரு மாணவர் காரணம் என்பது எனக்குப் பிடித்த செய்தி. நார்வேயிலிருந்து கனடாவுக்குப் படிக்க வந்த நார்வால்ட் ஃபிம்ரைட் என்ற ஆய்வு மாணவர், பேரேரிகளோடு இணைந்த செயின்ட் கிளேர் ஏரி மீன்களில் அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு பாதரசம் இருப்பதாக 1970 மார்ச்சில் அரசாங்கத்துக்கு எழுதினார். அந்த ஏரியில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. நாம் பழைய வெப்பமானியில் பார்த்த வெள்ளி நிறப் பாதரசம் அல்ல இது. ஏரிச் சேற்றில், உயிர்வளி இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அந்த வடிவத்தில்தான் அது உயிர்களுக்குள் ஏறிக்கொண்டே போகிறது. டிடிடி கொழுப்பைத் தேடிப் போவதால் மஞ்சள் கருவில் தங்கும். மெத்தில் பாதரசம் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் பெரும்பகுதி வெள்ளைக் கருவில் இருக்கும். தாய்ப்பறவை தன் உடலில் உள்ளதில் ஒரு பங்கை முட்டை வழியாக வெளியேற்றுகிறது. கடற்காகங்களில் முதலில் இடும் முட்டைக்கு அதிகம் போகிறது. நம் வீட்டில் மூத்த பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு ஏதாவது சொன்னால் நான் பொறுப்பல்ல.

1970களுக்குப் பிறகு பேரேரி முட்டைகளில் பாதரசம் குறைந்தது. நல்ல செய்தி என்று இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஆய்வாளர்கள் முட்டையில் இருந்த நைட்ரஜனின் ஓரிடத்தான்களையும் அளந்தார்கள். பறவை என்ன தின்றது என்பதை அது காட்டிக்கொடுக்கும். சில இடங்களில் ஏரியில் சிறு மீன்கள் குறைந்துபோனதால் கடற்காகங்கள் கரையில் கிடைத்ததைத் தின்னத் தொடங்கியிருந்தன. மீன் குறைந்தால் முட்டையில் பாதரசமும் குறையும். ஏரி சுத்தமானதா, பறவையின் சாப்பாடு மாறியதா? இரண்டையும் பிரித்துக் கணக்குப் பார்த்தபோது, குறைவு முன்பு நினைத்த அளவு இல்லை என்று தெரிந்தது. எண் குறைந்ததும் கைதட்டிவிடாமல் இன்னொரு முறை அளந்து பார்த்த இவர்களை ரேச்சலுக்குப் பிடித்திருக்கும்.

கிளியர் லேக் ஏரிக்கு இன்னொரு கதை இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதன் கிழக்குக் கரையில் சல்ஃபர் பேங்க் என்ற பாதரசச் சுரங்கம் இருந்தது. விட்டு விட்டு இயங்கிய அது 1957இல் மூடப்பட்டது. ஏரியில் மூன்றாவது முறை மருந்து கலந்ததும் அதே ஆண்டுதான். ரேச்சல் அந்த ஏரியைப் பற்றி எழுதியபோது சேற்றில் பாதரசமும் படிந்து கிடந்தது. 1990இல் அமெரிக்க அரசாங்கம் அந்தச் சுரங்கத்தைத் துப்புரவு செய்ய வேண்டிய நச்சு இடங்களின் பட்டியலில் சேர்த்தது. முக்குளிப்பான்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்து கூடு கட்டின. இந்தத் தடவை ஆய்வாளர்கள் அவற்றிடம் தேடியது பாதரசத்தை.

கனடாவில் சேகரித்த முட்டைகள் முழுவதையும் சோதனைக்குச் செலவழித்துவிடுவதில்லை. ஒரு பகுதியை உறையவைத்து ஒட்டாவாவில் உள்ள மாதிரிக் காப்பகத்தில் வைக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுவாக்கில், தீப்பிடிக்காமல் இருக்க மெத்தைகளிலும் மின்பொருள்களிலும் சேர்க்கும் புரோமின் வேதிப்பொருள்கள் மேல் சந்தேகம் எழுந்தபோது, 1981 முதல் உறைந்து கிடந்த முட்டைகளை வெளியே எடுத்தார்கள். அவை சேகரிக்கப்பட்ட நாளில் அப்படி ஒரு பொருளை யாரும் தேடவே இல்லை. இருபதாண்டு ஏற்றமும் வரிசையாக அங்கே இருந்தது.

பேரேரிகளில் ஹெர்ரிங் கடற்காகங்கள் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் முட்டையிடும். ரேச்சல் கார்சன் இறந்த நாளுக்கும் பிறந்த நாளுக்கும் இடைப்பட்ட வாரங்கள். அந்த வாரங்களில் படகில் போய் இறங்கி, தலைக்கு மேல் பறவைகள் கூச்சலிட்டுக் கொத்த வர, ஒரு கூட்டுக்கு ஒன்றாக முட்டை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் இடமும் எண்ணும் எழுதுகிறார்கள்.